பிள்ளை இல்லாதவர்களுக்கு மாடி வாடகைக்கு

கல்யாணமாகி ஆறு வருடமாகியும் என் வயிறு திறக்கவில்லை. கடலூரில் மாமியார் வீட்டுத் தெருவில் இதைத் தெரியாதவர்கள் கிடையாது. கீரைக்காரி தொடங்கி அடுத்த வீட்டு வாத்தியார் மனைவி வரை ஆளுக்கொரு வைத்தியமும் ஆளுக்கொரு விரதமும் சொல்லிவிட்டார்கள். அரசமரத்தைச் சுற்றினேன். வேப்பங்கொழுந்தை விழுங்கினேன். யாரோ மந்திரித்துக் கொடுத்த எலுமிச்சம்பழத்தைத் தோலோடு தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். இந்தக் குறையே ஒரு நாள் எனக்குப் பெரிய தகுதியாக மாறும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் கையில் இருந்த சொம்பை அவர்மேல் எறிந்திருப்பேன். ஆனால் மாறத்தான் செய்தது, புதுச்சேரியில் வீடு தேடப் போனபோது.

பிரெஞ்சுக்காரர்களின் கொடி இறங்கிய மறு வருடம் அது. அரசாங்க ஆபீஸ்களில் கடிதங்கள் பிரெஞ்சிலிருந்து இங்கிலீஷுக்கு மாறிக்கொண்டிருந்தன. இங்கிலீஷில் எழுதத் தெரிந்த குமாஸ்தாக்களை அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து கொண்டுபோய் அங்கே போட்டார்கள். அப்படிப் போனவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். கொஞ்ச நாள் கடலூரிலிருந்தே பஸ்ஸில் போய்வந்தார். தவளக்குப்பம் சந்தைக் கூட்டத்தில் பஸ் மாட்டிக்கொண்டால் ஆபீஸுக்குப் பிந்திவிடும். அதைவிட எனக்குத்தான் அவசரம். வீட்டில் மாமியார் ஜாடையாகப் பேசிக்கொண்டிருந்தது போய், இரண்டாம் தாரம் என்று வெளிப்படையாகவே பேச ஆரம்பித்திருந்தார். பெண் யார் என்பதுகூட எனக்குத் தெரியும். நெல்லிக்குப்பம் பக்கத்தில் தூரத்து உறவு. தாராளமாகப் பெற்றுப்போடும் குடும்பம் என்று பெயர் வேறு.

என் வீட்டுக்காரர் நல்லவர். ஆனால் வாயில்லாப் பூச்சி. அம்மா பேசும்போது தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார். அந்தத் தலை ஒரு நாள் மேலும் கீழும் ஆடிவிடுமோ என்ற பயத்திலேயே நான் பரிமாறுவேன். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள். புதுச்சேரியில் ஒரு வீடு பிடியுங்கள் என்று அவரைப் பிடுங்கி எடுத்தேன்.

அவர் ஒருவராகத் தேடியபோது ஒன்றும் அமையவில்லை. ரெட்டியார்பாளையத்தில் ஒரு வீடு பார்த்துவிட்டு, கிணறு நன்றாயிருக்கிறது என்று வந்து சொன்னார். சமையலறை எங்கே என்று கேட்டால் அதைப் பார்க்கவில்லையாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே கூடப் போனேன். தரகர் ஒருவர் முன்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க, நாங்கள் பின்னால். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்.

“எத்தினி பசங்க?”

“இல்லைங்க” என்று தரகர் பெருமையாகச் சொல்வார். “புருசன் பொஞ்சாதி ரெண்டே பேரு. ஒரு தொந்தரவும் கெடையாது.”

உடனே அந்த முகங்கள் மலரும். உட்காரச் சொல்வார்கள், தண்ணீர் கொடுப்பார்கள். ஊரெல்லாம் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டிய அதே விஷயத்துக்காக, முன்பின் தெரியாத இந்த ஜனங்கள் என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பிறகு சிரிப்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

கடைசியில் அமைந்தது புல்வாருக்கு உள்ளே, மாதா கோயிலை ஒட்டிய கிறிஸ்தவர் தெரு ஒன்றில், மாடி. ஊரைச் சுற்றி ஓடும் அகலச் சாலைகளுக்குத்தான் அங்கே புல்வார் என்று பேர். அதற்கு உள்ளே இருந்தால் ஒரு மதிப்பு. கீழே வீட்டுக்காரம்மா. அவருடைய புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து இறந்துபோனவர். அப்படிப்பட்டவர்களை ஊரில் சொல்தா என்பார்கள். பாதி உலகத்தைச் சுற்றிவிட்டு, இந்த வீட்டைக் கட்டி, அனுபவிக்காமல் போய்ச் சேர்ந்தார். அவருடைய பென்ஷனில் அந்த அம்மா தனியாக இருந்தார். தெருவில் அவரை மதாம் என்று கூப்பிட்டார்கள். எனக்கு அந்தச் சொல் வாயில் நுழையவில்லை. அம்மா என்றே கூப்பிட்டேன்.

“முன்னாடி இருந்தவங்களுக்கு அஞ்சு பசங்க” என்றார் அவர். “படியிலேயே குடித்தனம் பண்ணுவானுங்க. கடைசிப் பையன் சுவத்துல கரியால கப்பலு வரைஞ்சான். எனக்குத் தல வலி தாங்காது. பிள்ளைங்க இல்லைன்னா நீங்க மேல ராசாவாட்டம் இருக்கலாம்.”

மாடியில் இரண்டு அறை, மொட்டைமாடியின் ஓரத்தில் ஒரு சமையலறை. ஆளுயர ஜன்னல்கள். கதவில் சரிவாக வைத்த பலகைச் சட்டங்களின் வழியே வெயில் வராமல் காற்று மட்டும் வரும். பின்கட்டில் குழாய்த் தண்ணீர், அதுவும் முத்திரப்பாளையத்து ஊற்றுத் தண்ணீர். அதில் பருப்பு எவ்வளவு சீக்கிரம் வேகும் என்பது சமைத்தவளுக்குத்தான் தெரியும். நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினோம். கீழே ஒரு தம்ளர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சர்க்கரை போதவில்லை என்றார். அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த நிம்மதியை எப்படிச் சொல்வது? காலையில் எழுந்தால் என்னை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அவ்வளவுதான். ஆனால் அது அவ்வளவு பெரிது. தலைக்குக் குளித்தேனா என்று கேட்பதில்லை. ஏன் குளித்தேன் என்று கேட்பதில்லை. வீட்டுக்காரம்மா விடியற்காலையில் பூசைக்குப் போய்விட்டு, வரும்போது ரொட்டி வாங்கி வருவார். சில நாள் ஒரு துண்டு மேலே வரும். நான் கொழுக்கட்டை செய்தால் கீழே போகும். எனக்குச் சதை போட்டது. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி இறங்க ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர்கூடச் சாப்பிடும்போது தலையை நிமிர்த்திக்கொண்டு பேசினார். அவருக்கு நகைச்சுவையாகப் பேசவரும் என்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது.

ஒரே தொல்லை சனிக்கிழமை விருந்தாளிதான். சென்னை ராஜ்யத்தில் மதுவிலக்கு, புதுச்சேரியில் தாராளம். எங்களுக்கு அங்கே வீடு கிடைத்தது என்று கேள்விப்பட்டதும், என் வீட்டுக்காரருடைய பெரியப்பா மகனுக்கு எங்கள் மேல் திடீரென்று பாசம் பொங்கியது. எனக்கு மூத்தார் முறை. சனிக்கிழமை பிற்பகல் பஸ்ஸில் வந்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, “தோ, கடற்கரைல காத்து வாங்கிட்டு வந்துடறேன்” என்று போவார். காற்று எந்தக் கடையில் விற்கிறது என்று எங்களுக்குத் தெரியாதா? திரும்பி வந்து மொட்டைமாடியில் படுத்து, எல்லையில் போலீஸ்காரன் வாயை மோந்து பார்த்தாலும் தெரியாத அளவுக்குத் தெளிந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போவார். கீழே வீட்டுக்காரம்மா இதற்கெல்லாம் முகம் சுளிக்கவில்லை. சொல்தா பெஞ்சாதி பார்க்காத குடியா?

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் போயிருக்கும். அப்போதுதான் அந்த அம்மாவின் மகன் வந்து சேர்ந்தார்.

ஒரே மகன். பிரான்சில் துறைமுக ஊர் ஒன்றில் சர்க்கார் உத்தியோகம். நீண்ட விடுமுறையில், அவர்கள் சொல்கிறபடி வக்கான்ஸில், வந்திருந்தார். வாசலிலேயே அம்மாவை இரண்டு கன்னத்திலும் மாற்றி மாற்றி முத்தமிட்டார். எனக்குப் பார்க்கவே கூச்சமாக இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. மறுநாளே ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுவர் சுவராக அளந்தார். அளப்பதற்கு மாடிக்கும் வந்தார். மரியாதையான மனிதர்தான்.

“வீட்ட விக்கறோம்” என்றார் என் வீட்டுக்காரரிடம். “அம்மாவ என்கூடக் கூட்டிட்டுப் போறேன். வயசானவங்க, இங்க தனியா எதுக்கு? வாங்கறவர் ஜவுளி வியாபாரி. கிடங்குக்குக் கேக்கறாரு. வீடு காலியா வேணும்ங்கறாரு. நான் கிளம்பறதுக்குள்ள நீங்க வேற எடம் பாத்துக்கிட்டா நல்லது.”

என் வீட்டுக்காரர் “சரிங்க” என்றார். அவருக்குத் தெரிந்த பதில் அதுதானே.

வீடு போனால் நேரே கடலூர். கடலூர் என்றால் மாமியார், தெரு, நெல்லிக்குப்பத்துப் பெண். அந்த வரிசை எனக்குப் பாடமாகத் தெரியும். பழைய தரகரைப் பிடித்து மறுபடியும் அலைந்தோம். ஊரில் அதற்குள் இன்னும் நாலு ஆபீஸ் வந்து, இருக்கிற வீடுகளெல்லாம் நிரம்பியிருந்தன. கோரிமேடு வரைக்கும் போய்ப் பார்த்தோம். பிள்ளை இல்லை என்று சொன்னதற்கு மலர ஒரு முகமும் மிச்சம் இல்லை. எனக்கு வீட்டுக்காரம்மா மேல்தான் கோபம். கீழே போனால் அவர் என் முகத்தைப் பார்க்காமல் அரிசியில் கல் பொறுக்கினார். மகனுக்கு ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. இவ்வளவு நாள் பழகியதெல்லாம் பொய்யா என்று குமைந்தேன்.

பிறகு விநோதமான சில காரியங்கள் நடந்தன.

ஒரு காலை பின்கட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து, குடத்தை இடுப்பில் ஏற்றப் போனேன். எங்கிருந்தோ அந்த மகன் ஓடிவந்தார். “நீங்க தூக்கக் கூடாது, நீங்க தூக்கக் கூடாது” என்று பிடுங்கிக்கொண்டார். பிரெஞ்சு சர்க்கார் உத்தியோகஸ்தர், சலவை செய்த கால்சட்டையெல்லாம் நனைய, என் செப்புக் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மாடியேறினார். நான் வாயைப் பிளந்துகொண்டு பின்னால் போனேன். பிரான்சில் பெண்களை இப்படித்தான் மதிப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்று பிற்பகல் கீழேயிருந்து ஒரு தட்டு நிறைய மாங்காய் வந்தது, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி. எதிர்வீட்டு அம்மாள் வாசலில் நின்று என் முகத்தைப் பார்க்காமல் கொஞ்சம் கீழே பார்த்துச் சிரித்தாள்.

எனக்கு உறைக்கவில்லை. உறைக்கவைத்தவள் மீன்காரி. சனிக்கிழமை கூடையை இறக்கிவைத்துவிட்டு எங்கள் மூத்தார் பக்கத்தில் நிற்கும்போதே கேட்டாள்.

“ஏம்மா, முழுகாம இருக்கியாமே? சொல்லவே இல்ல பாரு! எத்தினி மாசம்? பால்சுறா எடுத்தாரேன், இப்பத்திலேர்ந்து சாப்ட்டாதான் பால் ஊறும்.”

யார் சொன்னது என்று கேட்டேன். “வூட்டுக்கார மதாம்தான்” என்றாள். என் மூத்தார் வாழைப்பழச் சீப்பைக் கீழே போட்டுவிட்டு, முகமெல்லாம் பல்லாக நின்றார். நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்வதற்குள் காற்று வாங்கப் போய்விட்டார். அன்று அவருக்குக் காற்று வாங்கக் காரணமும் இருந்தது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆறு வருடம் ஊரார் என் வயிற்றைப் பேசினார்கள். பேசாதவர் ஒருவர் என்று நினைத்தேனே, அவரும் இப்படிக் கேலி செய்கிறாரா? படியை இரண்டிரண்டாகத் தாவி இறங்கிக் கீழே போனேன். மகன் வெளியே போயிருந்தார். வீட்டுக்காரம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, எனக்கு ஒண்ணுமில்ல. முழுகாம இருக்கேன்னு யாரு சொன்னது உங்களுக்கு?”

“யாரும் சொல்லல” என்றார் இறாலைப் பார்த்துக்கொண்டே. “நான்தான் சொன்னேன்.”

“இல்லைன்னு தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சேதான்.”

அவர் கையைக் கழுவிக்கொண்டு, முந்தானையில் துடைத்துக்கொண்டு, அடிக்குரலில் சொன்னார். மாசமாக இருப்பவளை வீட்டைவிட்டு எழுப்பினால் அந்த வீடு விளங்காது. அந்தச் சுவரில் ஆணிகூட அடிக்கக் கூடாது, கைமாற்றுவது எங்கே? இதை இந்து என்றும் கிறிஸ்தவன் என்றும் பார்க்காமல் அந்த ஊரே நம்பியது. ஜவுளி வியாபாரியிடம் இந்த அம்மாவே ஒரு நாள் பேச்சுவாக்கில் போட்டுவைத்திருக்கிறார். சூலியைக் கிளப்பிவிட்டு அந்த இடத்தில் மூட்டை அடுக்கினால் வியாபாரம் உருப்படுமா என்று அவர் பின்வாங்கிவிட்டார். பிள்ளை பிறக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றாராம். பிரான்சில் இத்தனை வருடம் இருந்த மகனும் அதைக் கேட்டதும் நாடாவைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிட்டாராம்.

“அந்தக் குளிரு ஊருக்குப் போயி நான் இன்னா பண்ணுவேன்?” என்றார் அம்மா. “என் வூட்டுக்காரரு கல்லறை இங்க கீது. என் கோயிலு இங்க. அங்க எவகிட்ட நான் வாயத் தொறந்து பேசுவேன்? ஆனா அவன்கிட்ட வரலன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஒத்தப் பிள்ள. ரெண்டு கன்னத்திலயும் முத்தம் குடுத்துக் கூப்புடறான். எப்பிடிச் சொல்லுவேன்?”

“அதுக்கு என் வயித்த எடுத்து உங்க கதவுக்குத் தாழ்ப்பாளாப் போட்டுட்டீங்களா?”

“போட்டுட்டேன்” என்றார். “சனிக்கெழம சனிக்கெழம பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டுதான் வரேன். சாமியாரு ரொம்பத் திட்டறாரு. நீயும் ரெண்டு திட்டு திட்டிடு. ஆனா அவன் கெளம்பற வரைக்கும் படியில இப்பிடிக் குதிச்சிக்கிட்டு எறங்காத.”

திட்டத்தான் வந்தேன். ஆனால் நான் எந்த வீட்டுக்குப் பயந்தேனோ அதைவிடத் தூரமான வீட்டுக்கு அவர் பயந்துகொண்டிருந்தார். பொய்யென்று வந்துவிட்டால் அது என் வாயிலிருந்து வராது, உண்மையும் நானாகப் போய்ச் சொல்லமாட்டேன், கேட்டால் மட்டும் மறைக்கமாட்டேன் என்று அவரிடம் கறாராகச் சொல்லிவிட்டு மெதுவாகப் படியேறினேன். மெதுவாக ஏறுகிறேன் என்பது நடுப்படியில்தான் எனக்கே தெரிந்தது. ஆத்திரத்தில் இரண்டு படியைத் தாவினேன்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தெருவில் சிரித்தவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. ஆனால் ஒரு வாயை மறந்துபோனேன், மூத்தார் வாயை. அது ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கடலூருக்குப் போய்விட்டது.

புதன்கிழமை முற்பகல், என் வீட்டுக்காரர் ஆபீஸில் இருந்த நேரம், கீழே தெருக்கதவு தட்டும் சத்தம் கேட்டது. மகன்தான் போய்த் திறந்தார். அடுத்த நொடி என் மாமியாரின் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

“என் மருமவளப் பாக்க வந்தேன் சாமி. மாசமா இருக்கா. ஏழு வருசம் கழிச்சு!”

நான் படிமேல் நின்றேன். மாமியார் ஒரு கையில் புளிச்சோற்றுத் தூக்கும், இன்னொரு கையில் கண்ணாடி வளையல் சரமும் ஜாதிமல்லிப் பொட்டலமுமாக நின்றார். வியர்த்துக்கொட்டியது. அவர் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. முன்பல்லில் ஒன்று கொஞ்சம் ஒடிந்திருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கூடத்தில் வீட்டுக்காரம்மா மாதா படத்துக்குக் கீழே எழுந்து நின்றார். அவர் கண் என்னைக் கெஞ்சியது. மகன் மரியாதையாகத் தூக்கை வாங்கி மேஜைமேல் வைத்தார். இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அப்படி இறங்கினேன், ஒவ்வொரு படியாக.

ஆமாம் என்றால் வீடு இருக்கும். இல்லை என்றால் இந்த நிமிஷமே போகும். இது எனக்கு ரொம்பத் தெளிவாகத் தெரிந்தது. ஒன்றும் பேசாமல் தலையைக் குனிந்தால்கூடப் போதும். மாமியார் கையை நீட்டி என் வயிற்றைத் தொட வந்தார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அத்தே, ஒண்ணுமில்ல. நான் மாசமா இல்ல. யாரோ சொன்னத நம்பி வந்துட்டீங்க.”

கையில் இருந்த வளையல் சரம் கொஞ்சம் கலகலத்தது. அவர் அப்படியே கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

மகன் திரும்பி அம்மாவைப் பார்த்தார். “இவங்க இன்னா சொல்றாங்க? நீங்கதானே சொன்னீங்க?”

வீட்டுக்காரம்மா நழுவப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நழுவவில்லை.

“நான் சொன்னது பொய்யி” என்றார். “இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. நான் உன்கூட வரல, தம்பி. இந்த வூட்ட விக்கல. இதச் சொல்லத் தைரியம் இல்லாம அவ தலையில கட்டிட்டேன்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே அம்மா!”

“நீ கேட்டியா? வந்த மறுநாளே சுவத்த அளந்தியே. என்ன அளந்து பாத்தியா?”

மகன் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். பிறகு அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. “அங்க எனக்கும் பேச ஆள் இல்லம்மா. அதுக்குத்தான் உங்களக் கூப்ட்டேன்.” வீட்டுக்காரம்மா போய் அவர் தலையை வயிற்றோடு சேர்த்துக்கொண்டார். அழுகையும் வந்தது, பிரெஞ்சும் வந்தது, எனக்கு அதற்குமேல் ஒன்றும் விளங்கவில்லை. விளங்க வேண்டியது விளங்கிவிட்டது. அந்த வீட்டை அவர் விற்கவில்லை. அடுத்த வாரம் தனியாகத்தான் ரயிலேறி பம்பாய் போய்க் கப்பலைப் பிடித்தார். நாங்கள் அந்த மாடியில் பிறகு பல வருடம் இருந்தோம்.

ஆனால் அன்று எனக்குச் சந்தோஷப்படவே நேரமில்லை. மாமியாரை மாடிக்கு அழைத்துப் போனேன். கால் கழுவத் தண்ணீர் கொடுத்தேன், குடிக்கக் கொடுத்தேன். புயலுக்காகக் காத்திருந்தேன். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு ஜன்னலோரமாகத் தரையில் சாய்ந்தார்.

“தெருவுல எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன்” என்றார் சுவரைப் பார்த்து. “கோயில்ல அர்ச்சன பண்ணிட்டுதான் பஸ் ஏறினேன்.”

வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். அலம்பிக் கவிழ்த்த பாத்திரங்களை, கொடியில் உலர்ந்த தன் மகனின் சட்டையை. இனிமேல் ஒளித்து என்ன என்று நானே கேட்டுவிட்டேன்.

“அப்ப நெல்லிக்குப்பத்துல பேசி முடிச்சிடுவீங்களா அத்தே?”

அவர் என்னை நன்றாகத் திரும்பிப் பார்த்தார். “கீழ அந்தம்மா கண்ண காட்டிச்சே, நானும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். தலைய ஆட்டியிருந்தா உன் வூடு தப்பிச்சிருக்கும். நானும் வளையல போட்டுட்டு சந்தோசமாப் போயிருப்பேன். இன்னாத்துக்குடி இல்லன்ன?”

“நீங்க அப்பிடிச் சிரிச்சுக்கிட்டு வந்து நின்னீங்களே. எப்பிடிப் பொய் சொல்றது?”

மாமியார் மூக்கைச் சிந்திக்கொண்டார். பிறகு எழுந்து சமையலறைக்குப் போய், என் பருப்பை ஒரு விரலால் தொட்டு வாயில் வைத்துப் பார்த்தார். “எனக்கு வயசாச்சு” என்றார். “இன்னொருத்தியக் கூட்டியாந்து முதல்லேர்ந்து பழக்கி எடுக்க என்னால ஆவாது.”

அவ்வளவுதான். பிற்பகல் சாப்பிட்டோம், நான் வைத்த சாம்பாரும் அவர் கொண்டுவந்த புளிச்சோறும். சாப்பிட்டுவிட்டு அந்த ஜன்னல் காற்றில் குறட்டைவிட்டுத் தூங்கினார். என் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்து அம்மாவைப் பார்த்ததும் வாசற்படியிலேயே தலையைக் குனிந்தார். நிமிருங்கள், ஒன்றுமில்லை என்றேன்.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட நானே கூடப் போனேன். கடலூர் பஸ்ஸில் எங்கள் தெருக்காரி ஒருத்தி முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். அங்கே இருந்த வரைக்கும் என்னைத் தினம் கேள்வி கேட்டவள். எங்களைக் கண்டதும் ஜன்னலில் தலையை நீட்டினாள்.

“இன்னாக்கா, மருமவளுக்கு எத்தினி மாசமாம்?”

மாமியார் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றார். என் பக்கம் திரும்பவில்லை. பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

“மாசமெல்லாம் ஒண்ணுமில்ல. நான்தான் தப்பாக் கேட்டுட்டேன். என் மருமவ நல்லா இருக்கா. இனிமே கேக்கறதா இருந்தா என்னக் கேளு, அவள கேக்காத.”

ஏறி உட்கார்ந்து, பூப்பொட்டலத்தை ஜன்னல் வழியாக என் கையில் திணித்தார். பஸ் கிளம்பியது. நான் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு, கடைத்தெருவில் ஒரு வீசை கத்தரிக்காய் பேரம் பேசி வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு நடந்தேன்.